ஆட்களை எண்ணாத அம்மா

அந்த அம்மாவிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எண் வராது. பெயர்கள் வரும். மகள் பாமினி, பாமினியின் கணவர், அவர்களுடைய மகள், பிறகு தான் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். கூட்டிக்கொள்வது கேட்டவருடைய வேலை. அதையும் அவருக்கு எதிரே செய்யக் கூடாது.

நான் எண்ணிப் பிழைத்தவன். திருச்சியில் அரசாங்கப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை. ஆடு, மாடு, கிணறு, பம்புசெட்டு, மனிதர் என்று நான் எண்ணாதது இல்லை. ஓய்வுபெற்று நியூசிலாந்தில், நியூ லின்னில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. எங்கள் வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கு எண்ணூற்று நாற்பது காலடி. மழை நாளில் எண்ணூற்று அறுபது வருகிறது, ஏன் என்று பிடிபடவில்லை. அப்படிப்பட்ட எனக்கு அடுத்த தெருவில் வாய்த்தவர் அவர். ஐந்தரை ஆண்டுகள் பழகினோம். மகள் குடும்பத்தோடு அவர் பிரிஸ்பேனுக்குக் குடிபோய் இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஞாபகம் மங்குவதற்குள் அவரைப் பற்றி ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதுதான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்துக்காரர். ஆனாலும் எங்கள் முதியோர் வட்டத்தில் அவருக்கு வழங்கிய பெயர் கென்யா அக்கா. கணவர் விஞ்ஞான ஆசிரியர். கென்யாவில் தான்சானியா எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரின் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனவர்கள், இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

முதியோர் வட்டம் புதன்கிழமைகளில் கூடும். சிற்றுண்டி முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போகும். எங்கள் முறை வந்தபோது என் மனைவி அவரைக் கேட்டாள்.

"அக்கா, இந்தப் புதன்கிழமை எத்தனை பேர் வராங்க? அரிசி ஊறப்போடணும்."

"வாறவை வருவினம் தங்கச்சி."

"வருவாங்க, சரி. எத்தனை பேருன்னு சொன்னாத்தானே எத்தனை இட்லின்னு தெரியும்?"

"சொல்லுறன், கேளுங்கோ." பெயர்களை ஆரம்பித்தார். நகரத்தின் மறுகோடி பக்குரங்காவிலிருந்து மகனின் காரில் வரும் சிவம் அண்ணை, மலேசியாக்காரத் தம்பதி, இன்னும் இன்னும். நான் பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, பேப்பருக்குப் பின்னால விரல் மடக்கிறியள்."

"இல்லம்மா. கை மரத்துப்போச்சு, அதான்."

"ஆள் பேர் சொல்லச் சொல்ல மரக்கிற கையை நான் இப்பதான் பாக்கிறன்."

மனைவி சிரித்த சிரிப்பில் எனக்குப் பதினொன்றா பன்னிரண்டா என்பது தவறிப்போயிற்று. அந்தப் புதன்கிழமை பதினேழு இட்லி மீந்தது.

அவருக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. இட்லியை எண்ணுவார், பஸ் நிறுத்தங்களை எண்ணுவார், பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். மனிதரையும் மாட்டையும் மட்டும் எண்ண மாட்டார். அந்த எல்லையோரத்து ஊரின் வழக்கம் அது என்றார். மாடு மேய்க்கும் மக்கள். மாலையில் மந்தை திரும்பும்போது முள்வேலியின் வாயிலில் வீட்டுக்காரர் நிற்பாராம். வாய் அசையாது, விரல் அசையாது. கடைசி மாடு உள்ளே போனதும், காது கிழிந்தது வரவில்லை என்பாராம். போய்த் தேடினால் காது கிழிந்தது எங்காவது நிற்கும்.

"எத்தனை மாடு வச்சிருந்தாரு அவரு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை தரம் சொல்லுறது? எண்ணினால் எடுக்கிறதுக்கு ஆள் வரும். இவ்வளவு இருக்கு எண்டு நீங்கள் சத்தமாச் சொன்னால், ஒண்டு குறைஞ்சால் என்ன எண்டு கேக்கிற காது ஒண்டு இருக்கு."

"யாரோட காது?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் பயப்பிடுறன்?"

அந்த ஊரை நான் நான்கு முறை வரைந்து பார்த்திருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல, மகனுடைய பிரிண்டர் தாளில். நாட்டு எல்லை என்பது வெள்ளையடித்த கற்களின் வரிசை. பள்ளிக்கூடம் கல்லுக்கு இந்தப் பக்கம். மாடு தண்ணீர் குடிக்கும் ஓடை அந்தப் பக்கம். சந்தை ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. இதுவரை சரி. அவர்கள் குடியிருந்த வீடு முதல் படத்தில் கென்யாவில் இருந்தது. மூன்றாவது படத்தில் சமையலறை தான்சானியாவுக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, "கல்லைச் சில நேரம் மாடு தள்ளிப்போட்டிடும் ஐயா" என்றார். கேலி செய்தாரா, உண்மையா என்று இன்றுவரை தெரியாது. நூலகத்துக் கணினியில் இரண்டு மணி நேரம் தேடினேன். அந்தப் பெயரில் ஊரே இல்லை.

ஒரு முறை எங்கள் வட்டம் கடற்கரைக்குச் சுற்றுலா போனது. பஸ்ஸில் ஆள் எண்ணும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. போகும்போது இருபத்தேழு. திரும்பும்போது எண்ணினேன், இருபத்தேழு. ஓட்டுநரிடம் போகலாம் என்று கை காட்டினேன்.

"சிவம் அண்ணை இல்லை" என்றார் அந்த அம்மா, தன் இருக்கையிலிருந்து எழாமலே.

"எல்லாரும் இருக்காங்கம்மா. இருபத்தேழு சரியா இருக்கு."

"உங்கட இருபத்தேழு இருக்கட்டும். அண்ணை எங்கே?"

சிவம் கழிப்பறைக்குள் கதவுத் தாழ் சிக்கிக்கொண்டு நின்றிருந்தார். என் இருபத்தேழாவது ஆள், எங்கள் பஸ்ஸைத் தன் குழுவின் பஸ் என்று நினைத்து ஏறி, கடைசி வரிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒரு சீனத்துப் பாட்டி. அன்று முழுவதும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆரஞ்சு வேண்டுமா என்று கேட்டார்கள்.

இப்போது சேந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு புகைப்படம் இருந்தது. பள்ளிக்கூடச் சுவர், முன்னால் மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி பாமினி, மருந்தகத்தில் வேலை செய்யும் இன்றைய பாமினிதான். நடுவில் இருப்பவன் குகன், இப்போது லண்டனில். மூத்தவன் சேந்தன். பத்தொன்பதாம் வயதில், பரீட்சை மதிப்பெண் விஷயத்தில் தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, சந்தைக்கு வந்த சோள லாரியில் ஏறிக் கல்லைத் தாண்டிப் போனவன். அதன் பிறகு கடிதம் இல்லை, சேதி இல்லை. கணவருக்கு வேலை முடிந்த பிறகும் ஆறு ஆண்டுகள் அந்த அம்மா அந்த ஊரைவிட்டு நகர மறுத்ததாகப் பாமினி சொன்னாள்.

எண்ணாத பழக்கம் எப்போது வந்தது என்பதில்தான் என் குழப்பம். ஒரு முறை, அந்த ஊருக்குப் போன முதல் வாரமே அண்டை வீட்டுப் பெண் தன்னைக் கண்டித்ததாகச் சொன்னார். தின்பண்டம் கொடுக்க அவளுடைய குழந்தைகளை விரல்விட்டு எண்ணியதற்காக. இன்னொரு முறை வேறு மாதிரி சொன்னார். அந்தப் புகைப்படம் எடுத்த நாளில், எத்தனை பிள்ளைகள் என்று படம் எடுப்பவன் கேட்க, இவர் மூன்று என்றாராம். மறுநாள் காலையில் சேந்தன் போய்விட்டானாம். முதல் வாரமே கண்டித்திருந்தால், பல ஆண்டு கழித்து ஏன் எண்ணைச் சொன்னார்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அது ரக்பி உலகக் கோப்பை நடந்த ஆண்டு. கார்களில் எல்லாம் கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு நிரந்தர விசா விண்ணப்பம் போட வேண்டும் என்று பாமினி என்னிடம் வந்தாள். நம் ஆட்கள் பலருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கிடைக்காவிட்டால், விசிட்டர் விசா முடிந்ததும் அவர் போயாக வேண்டும். போவதற்கு இடம்? கணவர் இல்லை. யாழ்ப்பாணத்து வீடு சண்டையில் போய்விட்டது. குகன் லண்டனில் நண்பர்களோடு ஒரே அறையில் இருந்தான். கொழும்பில் தம்பி மகனுடைய வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான்.

படிவத்தில் பிள்ளைகள் என்று ஒரு கட்டம். எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த நாட்டில் வசிக்கிறார்கள். அன்றைய விதிப்படி, மற்ற எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட இந்த நாட்டில் பிள்ளைகள் குறைவாக இருக்கக் கூடாது.

"ரெண்டு எண்டு போடுங்கோ அங்கிள்" என்றாள் பாமினி.

"சேந்தன்?"

"எந்த நாடு எண்டு போடுவியள்? செத்திட்டான் எண்டு போட்டால் அம்மா சைன் வைக்க மாட்டா. தெரியாது எண்டு போட்டால் ஆயிரம் கேள்வி கேப்பினம். முப்பது வருசம் அங்கிள். எனக்கு அவன்ர குரலே ஞாபகம் இல்லை. நான் இருக்கிற அம்மாவை வச்சிருக்கப் பாக்கிறன்."

எங்கள் அலுவலகத்தில் கணக்கெடுப்புக்குப் போகுமுன் மேலதிகாரி சொல்வார், வீட்டில் இருப்பவரை எழுது, நினைப்பில் இருப்பவரை எழுதாதே என்று. அதை நினைத்துக்கொண்டேன். இரண்டு என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அந்த அம்மா எண்கள் இருந்த பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

ஒன்பது வாரம் கழித்துத் தொலைபேசியில் நேர்காணல். பாமினி வேலைக்குப் போயிருந்ததால் துணைக்கு நான் உட்கார்ந்தேன். சமையலறை மேசையில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தோம். பேசியவர் ஒரு பெண் அதிகாரி, மரியாதையான குரல். அந்த அம்மாவின் ஆங்கிலம் பள்ளிக்கூட வளாகத்தில் இருந்து பழகிய ஆங்கிலம், என்னுடையதைவிடச் சுத்தம். பிறந்த தேதி, கணவர் பெயர், வந்த நாள் எல்லாம் தடையில்லாமல் போயின.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

நான்கு வினாடி. ஆறு. அதிகாரி மறுபடியும் கேட்டார். மேசைக்கு மேலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கையை நீட்டி, என் ஒரு விரலை மடக்கினார், பிறகு மற்றதையும் மடக்கினார். என் மூடிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தொலைபேசியின் பக்கம் குனிந்தார்.

"சேந்தன்" என்றார். "குகன். பாமினி."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "மூன்று பேரா?"

"நான் பெயர்களைச் சொன்னேன்" என்றார் அவர்.

பத்து நாளில் கடிதம் வந்தது. படிவத்தில் ஒரு பிள்ளை விடுபட்டிருக்கிறது, தகவலை மறைத்ததாகத் தோன்றுகிறது, பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் இல்லையெனில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பாமினி கடிதத்தைப் படித்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் மௌனம் எல்லாம் கிடையாது.

"உங்க எண்ணிக்கையால ஒரு மனுஷியை பிளேன் ஏத்தப் போறாங்க" என்றாள் என் மனைவி. "ஆடு மாடு எண்ணினதோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

அன்றுதான் விதியை நிதானமாகப் படித்தேன். நியூசிலாந்தில் பாமினி ஒன்று. இங்கிலாந்தில் குகன் ஒன்று. சேந்தன் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே ஒன்று, இங்கிலாந்தைத் தவிர. இங்கிலாந்தில் இருந்திருந்தால் குகனுக்குத் தெரியாமல் போயிருக்காது. உள்ளதைச் சொல்லி மூன்று என்று எழுதியிருந்தாலும் விண்ணப்பம் தேறியிருக்கும். முப்பத்து நான்கு ஆண்டு எண்ணியவன், மூன்று ஒன்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

விளக்கக் கடிதம் எழுத அவர் வீட்டுக்குப் போனேன். முதல் வரியில் என் குற்றத்தை எழுதினேன். எண்ணை எழுதியது நான், அவர் பார்க்காமல் கையொப்பமிட்டார் என்று.

"உங்களை ஏன் மாட்டுறியள் ஐயா?"

"எழுதினது நான்தானேம்மா."

இரண்டு என்று போடச் சொன்ன பாமினியையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன். அன்று தோன்றவில்லை, அல்லது தோன்றியும் விட்டுவிட்டேன். அடுத்து சேந்தன் வசிக்கும் இடம்.

"ஊர்ப் பேரை எழுதுங்கோ."

"எந்த ஊரும்மா?"

"எங்கட ஊர். எல்லைக்கல் இருக்கிற ஊர். திரும்பி வந்தால் அவன் எங்கே வருவான்? எங்களை அங்கேதானே விட்டுட்டுப் போனவன். நாங்கள் நியூசிலாந்திலே இருக்கிறது அவனுக்குத் தெரியாது."

"சரி. எந்த நாடுன்னு எழுதட்டும்?"

அவர் யோசித்தார். "பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். ஆனால் அவன் போனது அங்கால."

"அதிகாரிக்கு ஒரே ஒரு நாடு வேணும்மா."

"அவைக்கு வேணும் எண்டால் அவை போய்க் கல்லைப் பாக்கட்டும்."

கடைசியில் இப்படி எழுதினேன்: கென்யா, தான்சானியா எல்லையில் உள்ள இன்ன கிராமம், தாய் அறிந்த கடைசி வசிப்பிடம், முப்பது ஆண்டுகளாகத் தொடர்பு இல்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரை அரசாங்கத் தாளில் முகவரியாக எழுதியது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அன்றே தபாலில் போட்டேன்.

பதினோரு வாரம் ஒன்றும் வரவில்லை. விசிட்டர் விசா முடிய இருபத்தாறு நாள் இருக்கும்போது பாமினி கொழும்புக்கு டிக்கெட் விலை விசாரித்துவைத்தாள். அந்த அம்மா மட்டும் புதன்கிழமைகளில் வந்தார், வராதவர் பெயரைச் சொல்லி விசாரித்தார், போனார். அதிலிருந்து இருபத்தோராவது நாள், சனிக்கிழமை காலை, பாமினி அழைத்தாள். உறையைப் பிரிக்கத் தனக்குக் கை வரவில்லை என்றாள்.

நான் போனபோது பாமினி அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தார். உறையைக் கிழித்து, முதல் பத்தியைப் படித்துத் தமிழில் சொன்னேன். விளக்கம் ஏற்கப்பட்டது. அவர் இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கலாம்.

பாமினியின் தோள் இறங்கியது. அந்த அம்மா, உலை கொதித்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோலத் தலையாட்டினார்.

"சேந்தனைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது. தங்கள் மூத்த மகன் சேந்தன் இன்ன கிராமத்தில் வசிக்கும் விவரம் எங்கள் பதிவில் சேர்க்கப்பட்டுள்ளது.

"திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன்.

"ஊர்ப் பேர் போட்டிருக்கோ?"

"போட்டிருக்கும்மா. எழுத்துப் பிழைகூட இல்ல." அந்த இடத்தை விரலால் காட்டி மூன்றாம் முறை வாசித்தேன்.

அவர் தாளை வாங்கவில்லை. இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டார். "அப்ப, இந்த நாட்டுக் கவர்மெந்து அவன் இருக்கிறான் எண்டு சொல்லுது."

அந்த வாக்கியம் எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் நானே எழுதியிருக்கிறேன். சொன்னதை எழுதிக்கொள்வோம், போய்ப் பார்க்க மாட்டோம். அந்த அதிகாரி எழுதியது நான் எழுதியதை. நான் எழுதியது இவர் சொன்னதை. அதைச் சொல்வது என் கடமையா, சொல்லாமல் இருப்பதா? வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "கவர்மெண்டே சொல்லுது."

பாமினி அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைக்காமலே வந்து, தாய்க்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணாவைப் பற்றி இருக்கிறதை மட்டும்" என்றாள், "இன்னொருக்கா வாசியுங்கோ அங்கிள்."

நான்காம் முறை வாசித்தேன்.